முந்நூற்று ஐம்பது மிச்சம்

முன்மொழிவு முப்பத்தொன்று:
பெய்ப்சி ஏரியில் பனியின் கனம் அளக்கும்
பதினோரு சென்சார்களையும் இந்தக் குளிர்காலத்தோடு நிறுத்துவது.
மிச்சப் பணம் தெற்குக் கடல் மிதவைகளுக்கு.
வாங்க ஆளில்லாத தரவு, என்று காரணம் எழுதியிருந்தது.
பிழை சொல்ல முடியாத வாக்கியம்.

ஒரு டோக்கன், ஒரு வாக்கு.
தலையை எண்ணுவதில்லை, உயர்த்திய கையை எண்ணுவதில்லை.
முன்மொழிவு பதிவான நொடியில்
யார் வாலட்டில் எவ்வளவு இருந்ததோ அதுதான் அவர் கனம்.
மறுநாள் விற்றுவிட்டுப் போனவருக்கும் வாக்கு உண்டு.
மறுநாள் ஆசையாக வாங்கியவருக்கு இல்லை.

என்னிடம் மூவாயிரத்து இருநூறு.
ஃபத்தேயிடம் ஒன்பதாயிரத்து நூற்றைம்பது:
மூன்று குளிர்காலம் கல்லாஸ்தே கரையிலிருந்து
சறுக்குவண்டி இழுத்துப் போய்
துளையிட்டு, சென்சார் இறக்கிய கூலி.
"படிக்கிறவள் நீ, நீயே போடு" என்று
தன் வாக்கை என் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு
வெங்காயச் சரம் பின்னப் போய்விட்டார்.

ஆறாம் நாள் இரவு, தார்த்து, மைனஸ் பதினெட்டு.
ஜன்னலின் உட்புறமும் உறைந்திருந்தது.
ஆம்: முப்பத்தொரு லட்சம்.
இல்லை: எட்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம்.
ஆமில் பத்தொன்பது லட்சம் ஒரே முகவரி.
பூஜ்யத்தில் தொடங்கி எங்கோ முடியும் எழுத்துச் சரம்.
அதற்குக் கால் சில்லிடுமா என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
பகையெல்லாம் இல்லை.

தோற்கப்போகிறோம், தெரியும்.
தோற்பதைச் சொல்லிவிட்டுத் தோற்போமே.
இரண்டு பேருடைய இல்லையையும் சேர்த்து அழுத்தினேன்.
வாலட் கையெழுத்துப் போட்டது.
ஒரு பிளாக் கடந்தது. இன்னொன்று.

அப்போதுதான் அடியில் இருந்த சின்ன எழுத்தைப் பார்த்தேன்.
பார்த்தேன் என்பது பொய்;
முதல் நாளே பார்த்திருந்தேன், எண்ணிப் பார்க்கவில்லை:

முடிவு செல்லுபடியாக
மொத்தம் நாற்பது லட்சம் வாக்கு விழ வேண்டும்,
எந்தப் பக்கம் விழுந்தாலும் சரி.

நான் வரும்வரை பன்னிரண்டாயிரம் குறைவு.
வந்தபின் முந்நூற்று ஐம்பது மிச்சம்.

மௌனம் சம்மதம் என்பது வேறு ஊர் நியாயம்.
இங்கே வாயை மூடியிருந்தால்
மறுப்பு ஜெயித்திருக்கும்.
கூடாது கூடாது என்று சொல்லியே
கூட்டத்தைக் கூட்டிக் கொடுத்தேன்.

விழுந்த வாக்கை எடுக்க வழி இல்லை.
நிறைவேறுமுன் நாற்பத்தெட்டு மணி நேரப் பூட்டு.
அந்த இரண்டு நாளும் ஏரி பேசிக்கொண்டே இருந்தது:
நான்காம் எண், முப்பத்தொரு சென்டிமீட்டர்.
ஏழு, இருபத்தாறு.
ஒன்பது விரிசல் பக்கம், பத்தொன்பது.
காசில்லாமல் கேட்டவள் நான் ஒருத்தி.

பேருந்தேறிப் போய்ச் சொன்னேன்.
மீன் கழுவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.
"உன்னுடையதை மட்டும் போட்டிருந்தால்?"
எட்டாயிரத்து எண்ணூறு குறைந்திருக்கும்.
முப்பத்தொன்று செத்திருக்கும்.
"ஆக, கவிழ்த்தது என்னுடையது."
ஆமாம் என்றேன்.
கத்தியைத் துடைத்தார். முகத்தில்,
ஏன் மறைக்க வேண்டும், ஒரு சந்தோஷம்.
"மூன்று வருஷத்தில் இப்போதுதான்
என் காசு எதையோ அசைத்திருக்கிறது."

பிறகு கேட்டார்: பனி உடைவதற்குள்
பதினொன்றையும் வெளியே எடுக்க வேண்டுமே, கூலி உண்டா?
அதற்குத் தனியாக ஒரு முன்மொழிவு வேண்டும் என்றேன்.
முப்பத்திரண்டு.

"எழுது.
இந்தத் தடவை நான் வாயே திறக்கமாட்டேன்."